நான்காவது சிலிண்டர்

ருஸ்தாவியில் மழை.
பந்தயத் தடத்தின் கதவில் பூட்டு.
சனிக்கிழமைக்கு இன்னும் மூன்று நாள்.
ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
ஆறு பிளக்கையும் கழற்றுகிறேன்,
என்ஜின் ஆறிய பிறகுதான்.
சூட்டோடு திருகி
அலுமினியத்தில் மரை போய்விட்டால்
அழுது பயனில்லை.

ரொட்டி சுற்றி வந்த காகிதத்தைத் திருப்பிப் போட்டு
ஒன்று முதல் ஆறு வரை எழுதி
அதனதன் எண்மேல் நிறுத்துகிறேன்.
வெளுத்துக் கொப்புளித்திருந்தால்
பெட்ரோல் பற்றாமல் உள்ளே கொதித்திருக்கிறது.
கரி அப்பியிருந்தால் தீனி அதிகம்.
பாலில் காபி சிந்திய நிறம் என்றால்
என்ஜின் இதுவரை உன்னை மன்னித்திருக்கிறது.

ஆறுமே காபி நிறம்.
நான்காவதன் ஓரக்காலில் மட்டும்
கடுகளவு சாம்பல் பொருக்கு.
அதை அப்போது நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

டர்போவின் அழுத்தத்தைக் கூட்டியாயிற்று.
இனி ஒரு படி குளிர்ந்த பிளக் வேண்டும்.
குளிர்ந்தது என்றால் சில்லென்று இருப்பதல்ல,
வாங்கிய சூட்டை உடனே கைமாற்றிவிடுவது.
சூடானது, மனதில் வைத்துக்கொள்வது;
வைத்துக்கொண்டு, தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்வது.
ஜப்பான்காரனுக்கு எண் ஏறினால் குளிர்,
ஜெர்மன்காரனுக்கு எண் இறங்கினால் குளிர்.
இதில் குழம்பி பிஸ்டனை ஓட்டையாக்கிய
இரண்டு பேரை எனக்குத் தெரியும்.
ஒருவன் என் கணவனாக இருந்தவன்.

வண்டிச் சந்தையில் மெராப் நீட்டினான்:
'இரிடியம், சியாலா, உனக்காகப் பாதி விலை.'
அசெட்டோன் தொட்ட துணியால் ஒரு துடைப்பு.
எழுத்தெல்லாம் துணியோடு வந்துவிட்டது.
அவன் மழையைப் பார்த்தான்.
பிறகு மேசைக்கடியிலிருந்து
வேறொரு பெட்டியை எடுத்தான், முழு விலைக்கு.

திரும்பிவந்து, மரையின் நீளம் ஒத்துப்பார்க்க
பழையவற்றை ஒவ்வொன்றாகத் துடைத்தேன்.
ஏழு. ஏழு. ஏழு.
ஐந்து.
ஏழு. ஏழு.

நெருப்பில்லாமல் புகையாது என்பார்கள்.
ஆனால் கொஞ்சம் கூடுதல் நெருப்பு வைத்தால்
புகையையே மறைத்துவிடலாம்.
ரிங் தேய்ந்து எண்ணெய் குடிக்கும் சிலிண்டருக்கு
இரண்டு படி சூடான பிளக்;
அது எண்ணெயைத் தின்று வாயைத் துடைத்துக்கொள்ளும்.
வாங்குகிறவளுக்குக் காபி நிறம் தெரியும்.

போன இலையுதிர்காலத்தில்
என் வீட்டு மேசையில் எழுந்து நின்று
கோப்பையை உயர்த்திச் சொன்னான் மமுகா:
'இந்த வண்டியின் இதயம் என் இதயம் மாதிரி.'
பொய்யென்று சொல்ல முடியாது.

ஃபோனில் ஒரே வார்த்தை சொன்னேன்: 'நாலாவது.'
அந்தப் பக்கம் குழாயில் தண்ணீர் ஓடும் சத்தம்.
பிறகு: 'கொஞ்சம்தான் குடிக்கும், சியாலா.
தங்கை கல்யாணம் இருந்தது.'

ஐந்தையே நாலாவதில் விட்டுவைக்கலாம்.
புதிய அழுத்தத்தில் அதன் முனை கங்காகி
பொறி வருமுன்னே பற்றவைக்கும்;
மூன்றாவது சுற்றில் பிஸ்டன் மெழுகு.
எட்டைப் போட்டால் பத்தே நிமிடத்தில் எண்ணெயில் ஊறி
ஐந்து காலில் நொண்டும்,
தடம் முழுக்க நீலப் புகை,
எல்லோர் கண்ணுக்கும் முன்னால்.

ஆறுக்கும் எட்டு.
இடைவெளி புள்ளி ஏழு மில்லிமீட்டர்;
அதற்குமேல் என்றால் டர்போவின் மூச்சில்
தேவாலய வாசல் மெழுகுவர்த்தி போலப் பொறி அணைந்துவிடும்.
நடுமுனையைத் தொடாமல்
ஓரக்காலை மட்டும் மயிரளவு அழுத்தி,
விரலால் கடைசிவரை திருகி,
பிறகு ரெஞ்சு ஒரு 'டக்'.
ஆறு டக்.

சாவியைத் திருப்பினேன்.
முதலில் பட்டுப்போல் ஓடியது.
பிறகு மெல்ல, ஷட்டருக்கடியில்
நீலமாக வெளியேறத் தொடங்கியது உண்மை.

அந்தப் புகையினூடே
ஒரு ஜோடி நனைந்த ஷூ வந்து நின்றது.
குனிந்து உள்ளே வந்தான் மமுகா,
கையில் பிஸ்டன் ரிங் பெட்டி,
சீல் உடையாமல்.

நான் எதுவும் பேசவில்லை.
துணியை எடுத்து
அசெட்டோனில் நனைத்தேன்.