சமன்

நான்காம் சுற்று, ஏழாம் மேசை.
சுவரில் ஒட்டிய தாளில் அடுத்தடுத்து இரண்டு பெயர்:
ஓங் ஸீ ஹாவ், பினாங்கு, 2108.
புனிதமலர், பாடாங் செராய், 1391.
கழித்துப் பார்த்தேன். தொழில் பழக்கம்.
லோரி உள்ளே வரும்போது ஓர் எடை, போகும்போது ஓர் எடை,
மிச்சம்தான் பழம்.
எழுநூற்றுப் பதினேழு.

பையனுக்குப் பதினாறு வயது இருக்கும்.
மைலோ பொட்டலத்தை உறிஞ்சியபடி
என் முகத்தைப் பார்க்காமலே ஆடினான்.
கோயில் மண்டபம்; நேற்றைய கல்யாணத்துச் சரிகைத்தாள்
இன்னும் தூணில் தொங்குகிறது.
ஆலைப் பக்கமிருந்து வெந்த செம்பனை வாடை.
அவன் மூக்கைச் சுளித்தான்.
எனக்கு அது வெறும் காற்று.

இருபதாவது நகர்வில் ஒரு சிப்பாயை இழந்தான்.
முப்பதில் மைலோ தீர்ந்தது.
நாற்பதில் இரு கைகளாலும் தலையைப் பிடித்துக்கொண்டான்.

ஆளுக்கொரு யானை மீதி.
என் சிப்பாய் ஓரத்தில், ஏழாம் வரிசையில்.
அதன் வழியை மறித்துக்கொண்டு
எட்டில் நிற்பது என் யானையேதான்.
பின்னால் அவன் யானை, விடாக்கண்டன்.
அந்தப் பக்க மூலையை ஒட்டிப் பத்திரமாக இருந்த அவன் ராஜா
ஒரு கட்டம் உள்ளே வந்தார்.

வருகிறார் என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.
பலகையை விட்டுச் சுவரைப் பார்த்தேன்,
அந்தத் தாளை.
காய் நகர்த்தாமலே கேட்டேன்: "டிரா?"

கேட்டு முடிக்குமுன் கை நீட்டிவிட்டான்.
ஈரக் கை.

"அடேயப்பா! ரெண்டாயிரத்து நூறோடயா!"
நடுவர் தங்கையா வாய்விட்டுச் சொன்னார்.
படம் பிடித்தார்கள். மீ கோரேங் வாங்கித் தந்தார்கள்.
அந்தக் கைக்கு ஏன் அத்தனை அவசரம் என்று
மெல்லும்போதுகூட எனக்குத் தோன்றவில்லை.

இரவு ஷிப்ட். பதினொன்றே முக்கால்.
பழம் கொட்டிவிட்டு வந்த வெற்று லோரி
எடைமேடையில் ஏறியது, எண் நின்றது, சீட்டைக் கொடுத்தேன்.
செல்லக்கண்ணு கியர் மாற்றி
நேராக அந்தக் கோடி வரைக்கும் ஓட்டிப்போனார்.

யானை அந்தக் கோடிக்கு.
அவ்வளவுதான்.
சிப்பாயைத் தின்றால் ஏழாம் வரிசையில் ஒரு செக்,
ராஜா விலகுவார், அவன் யானை என் கையில்.
தின்னாவிட்டால் சிப்பாய் ராணி.

அடுத்த லோரி ஹார்ன் அடித்தது.
எடையைத் தப்பாக எழுதினேன்,
அடித்துவிட்டு மறுபடி எழுதினேன்.

பையனுக்கு அப்போதே தெரிந்திருக்கிறது.
பாலம் தாண்டும் பஸ்ஸில்
அவனும் யாரிடமும் சொல்லியிருக்க மாட்டான்.