கத்தரிக்கோல் திருத்தம்

வில்னியஸ், பிப்ரவரி.
நேரிஸ் ஆற்றில் பனிப்பாளங்கள் இடித்துக்கொண்டு நகர்கின்றன.
மூன்றாம் மாடியில் ஔத்ரோனே
ஒரு படிகம் கட்டுகிறாள், திரையில்.
நூற்று இருபத்தெட்டு அணுக்கள்.
பாதி காலியம், பாதி ஆர்சனிக்.
அதில் ஒரே ஒரு ஆர்சனிக்கை எழுப்பிவிட்டு
பிஸ்மத்தை உட்காரவைக்கிறாள்.
பருத்த உடம்பு அதற்கு.
அக்கம்பக்கத்தார் கொஞ்சம் நகர வேண்டியிருக்கிறது,
காலை நேர டிராலிபஸ்ஸில் போல.

நகர்ந்து முடிக்க நாற்பது மணி நேரம்.
பிறகு விடை வந்தது:
இடைவெளி ஏறக்குறைய இல்லை.
எந்த ஒளியையும் விழுங்கும், எதையும் திருப்பித் தராது.

கணக்கு உதைக்கும் என்று அவளுக்குத் தெரியும்.
இந்தக் கோட்பாடு பள்ளத்தை எப்போதும் குறைத்தே சொல்லும்,
எவ்வளவு குடிப்பீர்கள் என்று மருத்துவர் கேட்டால்
சொல்வோமே, அப்படி.

வைத்தியம் உண்டு. கத்தரிக்கோல் என்று பெயர்.
மேல்பட்டையை அப்படியே வெட்டி
அளந்தவர்கள் சொல்லும் உயரத்தில் ஒட்டிவிடுவது.
வெட்கங்கெட்ட வேலைதான்.
கட்டுரைகளில் ஒரு வரியில் சொல்லிக் கடந்துவிடுவார்கள்.

அளப்பவன் கஸ்தீதிஸ். அடித்தளத்தில்.
அக்டோபர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னான்:
உன் பொருள் உன் திரையில் மட்டும்தான் இருக்கிறது.
உன் மாதிரியில் பாதி அழுக்கு என்றாள் அவள்.
அதன் பிறகு இருவருக்குமிடையே
இணைப்புக் கோப்புகள் மட்டும் போய்வந்தன.

அவர்கள் மொழியில் இதன் பெயருக்குப் பாதிக்கடத்தி என்று பொருள்.
நம் மொழியில் குறைகடத்தி.
குறையைக் கடத்துவது என்றும் படிக்கலாம், தவறில்லை.
ஒளி பட்டால் எலக்ட்ரான் மேலே ஏறும்.
அது விட்டுப்போன துளையும் சும்மா இருக்காது,
இடம் மாறி இடம் மாறி அலையும்.
இரண்டும் சந்தித்தால் வெளிச்சம்.
வழியில் ஒரு குறையில் இடறினால் வெப்பம்,
படிகம் லேசாக நடுங்கும், அவ்வளவுதான்.

இன்று வந்த கோப்பில்
உச்சி சரியான இடத்தில் இருந்தது.
ஆனால் விளிம்பு செங்குத்தாக இறங்கவில்லை.
தாழ்ந்த ஆற்றல் பக்கம் ஒரு வால், நீளமாக, சோம்பலாக.
எந்தக் கத்தரிக்கோலும் வால் தராது.

கோட்டை மாட்டிக்கொண்டு கிளம்ப இருந்தவள்
திரும்ப உட்கார்ந்தாள்.
முதல் பிஸ்மத்துக்குப் பக்கத்திலேயே இன்னொன்று.
மேலும் நாற்பது மணி நேரம்.
வால் வந்தது.

அழுக்கு இல்லை.
நெருங்கி உட்கார்ந்துவிட்ட இருவர்.

இதை எழுதி அனுப்பியிருக்கலாம்.
படியிறங்கிப் போனாள்.
இருட்டில் கஸ்தீதிஸ், முகத்தைத் திருப்பாமல்:
எரிகிறது.
எங்கே?
இதோ. மின்சாரம் ஓடுகிறது.
ஊசித்தலை அளவு துண்டு. கறுப்பு.
ஆறு வருஷமாக அவள் எழுதிய சமன்பாடுகள் எல்லாம்
கண்ணுக்கு எட்டாத சிவப்புக்கும் அப்பால்
கொட்டிக்கொண்டிருந்தன.

அவன் தன் பழைய போனை நீட்டினான்,
மூலையில் விரிசல் விட்டது.
ரிமோட் வேலை செய்கிறதா என்று
பார்ப்போமில்லையா, அது மாதிரி பார்.

கேமராவில் ஒரு புள்ளி.
வெளிறிய ஊதா.
போனை விலக்கினாள்: ஒன்றுமில்லை.
கொண்டுவந்தாள்: இருந்தது.
விலக்கினாள். கொண்டுவந்தாள்.

அழுக்கில்லை என்றாள்.
தெரியும், திரையிலும் மட்டும் இல்லை என்றான்.

போனில் நான்கு விழுக்காடு சார்ஜ்.
இருவரும் ஒயர் தேடிப் போகவில்லை.