வாலடியில் ஒரு வினைச்சொல்

ஈடன் ஆற்றங்கரை. ஜூன் மாதக் குதிரைச் சந்தை.
சில்வெஸ்டர் பேனாக்கத்தியால் இஞ்சி சீவுகிறான்,
தேநீருக்கு அல்ல.

இதுவரை அது பெயர்ச்சொல்.
கிழட்டுக் குதிரையின் வாலடியில் செருகியதும்
வினைச்சொல்.
வால் நிமிர்கிறது, கால் துள்ளுகிறது,
பதினேழு வயது ஏழாகிறது.

கடிவாளம் பிடித்து நிற்கிறாள் கெஸியா.
செம்பட்டை முடிக்கும் அவ்வூரில் அதே சொல்.
பள்ளிக்குப் போன இரண்டு வருஷமும்
ஒருவரும் அவளைக் கெஸியா என்று கூப்பிட்டதில்லை,
'ஏய் ஜிஞ்சர்'தான்.
பெயரடை பெயரைத் தின்றுவிட்டது.
அந்தச் சொல் எங்கே எரியும் என்று
அவளுக்குத் தெரியும்.

பென்ரித்காரர் பல்லைப் பார்த்தார்,
குளம்பைத் தட்டினார்,
நோட்டை எண்ண ஆரம்பித்தார்.
"நல்ல துடிப்பு."
"இஞ்சித் துடிப்பு" என்றாள் கெஸியா.

சில்வெஸ்டரின் முகத்தைப் பார்த்திருந்தால்
இஞ்சி தின்றது குதிரையல்ல என்பீர்கள்.

அப்புறம், முழங்கால் நீரில்,
உதைக்கு எட்டாமல் ஒருக்களித்து நின்று
மெல்ல, மெல்லக் கை நீட்டுகிறாள்.
இதற்கும் 'ஜிஞ்சர்லி' என்றொரு வினையடை வைத்திருக்கிறார்கள்.
இஞ்சிக்கும் அதற்கும்
வேரில் உறவே இல்லையாம்.

குதிரை வாலை இறக்குகிறது,
நனைந்த சாக்கு மாதிரி.