ஐந்தடி இரண்டு அங்குலம்

வெல்டிங் முடிந்த மறுநாள்தான்
சந்தை அளந்தோம்.

வண்டியின் அகலம் ஐந்தடி எட்டங்குலம்.
கஸ்தூரி வீட்டு மீட்டர் பெட்டிக்கும்
எதிர்ச்சுவருக்கும் நடுவே
ஐந்தடி இரண்டு.

தேசப்பன் டேப்பை மூன்று முறை இழுத்துப் பார்த்தான்,
நாலாவது முறை சந்து அகன்றுவிடும் என்பதுபோல.
'நாப்பதடி கண்டெய்னரை ரிவர்ஸ்ல எடுத்து
கோட்டு மேல நிறுத்துறவன் நானு' என்றான்,
யாரும் கேட்காமலே.

கணக்கு நோட்டு என்னிடம்.
ஆம்னியின் பின் அச்சு, மூலக்கொத்தளம்,
நாலாயிரத்து எண்ணூறு.
சதுரக்குழாய், எடைக்கு.
தரைக்கு, அடிபட்ட கண்டெய்னரில் பிரித்த பலகை:
யார்டு வாட்ச்மேனுக்கு இரண்டு பிரியாணி.
பலகையில் எவனோ சாக்பீஸில் எழுதியிருந்தான்
எங்களுக்குத் தெரியாத பாஷையில் ஏதோ.
அழிக்க மனம் வரவில்லை.
ஜிலானி பாய்க்குப் பாதிக் கூலி;
மீதி,
'ஒரு ட்ரிப்பு நானும் வருவேன்'.

இந்தக் காசுக்கு ஒரு பீரோ வாங்கலாமே
என்றாள் அக்கா.
இருபத்தொரு வருஷம்
ஊரான் சரக்கை இழுத்தவன்.
துறைமுக கேட்டு திறக்கும்வரை
எண்ணூர் விரைவுச்சாலை வரிசையில்
ஸ்டியரிங்குக்கும் கதவுக்கும் நடுவே
மடங்கித் தூங்கியவன்.
வீட்டுக்கு வந்தும்
முழங்காலை நீட்டத் தெரியாமல் படுப்பான்.
ஒரு ராத்திரி இருட்டில் சொன்னான்:
'நம்மளையே லோடா ஏத்தி
ஒருவாட்டி இஸ்துக்கினு போவணும்.'

பீரோவுக்குள் படுக்க முடியாதுக்கா, என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை சக்கரத்தைக் கழற்றினோம்.
பதினோரு பேர்.
படகு தூக்கிப் பழகிய லூர்து அண்ணன் முன்னால்.
எங்கள் சந்தில் பிரிட்ஜும் பாடையும்
ஒருக்களித்துத்தான் வெளியே போகும்;
எங்கள் வீடும் அப்படியே போனது,
ஒரு ஜன்னல் வானத்தைப் பார்க்க
ஒரு ஜன்னல் சாக்கடையைப் பார்க்க.
'மீட்டரு, மீட்டரு!'
என்று கத்திக்கொண்டே கூடவந்தாள் கஸ்தூரி.
கீறல்தான். பச்சை பெயின்ட் முப்பது ரூபாய்.

எர்ணாவூர் மேம்பாலத்தில் ஆம்னி முனகியது.
பலகை கனம்.
பாதியைப் பிரித்தோம்.
கீறலுக்கு ஈடாகக் கஸ்தூரி வீட்டில்
அது கட்டிலாகிக் கிடக்கிறது.

முதல் மழையில் கூரை ஒழுகியது.
காசிமேட்டில் ஒட்டுப்போட்டு மிஞ்சிய ரெசினை
லூர்து அண்ணன் தகரடப்பாவில் கொண்டுவந்தார்.
பூசிய இரண்டு நாளும்
தலைவலிக்கும் படகு வாசனை.
செத்த கம்ப்யூட்டரிலிருந்து பிடுங்கிய விசிறி
லாரி பேட்டரியில் சுற்றுகிறது,
கொசுவைக் கொஞ்சம் குழப்பும் அளவுக்கு.
வாசல் பந்தலுக்கு
கஸ்தூரி மகளின் மஞ்சள் நீராட்டு பேனர்.
'மூஞ்சிய வெளிப்பக்கம் போடாதீங்க ஆன்ட்டி'
என்று கெஞ்சினாள் தர்ஷினி.
உள்பக்கம் போட்டோம்.
இப்போது வாசலில் உட்கார்ந்து அண்ணாந்தால்
கிரீடத்தோடு ஒரு குட்டி ராணி
எங்களை முறைக்கிறாள்.

பழவேற்காடு என்று கிளம்பினோம்.
விரைவுச்சாலையில்
கண்டெய்னர்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டோம்.
முன்னால் ஏதோ கவிழ்ந்திருக்கிறதாம்,
விடியும்வரை நகராதாம்.

பழைய கூட்டாளிகள் கேபினிலிருந்து இறங்கி வந்தார்கள்.
ஒருவன் கதவைத் தட்டி,
'இன்னா தேசப்பா, ரூம் காலியா?'
எட்டு கிளாஸ் டீ.
பால் பாக்கெட் இரண்டும் தீர்ந்தது.

பிறகு அவன் படுத்தான்.
அதே வரிசை, அதே டீசல் புகை,
மணலிப் பக்கம் அதே நெருப்பு நாக்கு.
காலை நீட்டினான்.
பாதம் சுவரில் முட்டவில்லை என்று
இருட்டில் ஒருமுறை துழாவிப் பார்த்தான்.

நான் தூங்கவில்லை.
நெற்றியில் ஒரு சொட்டு.
ஸ்குரு ஓட்டை.
டார்ச் வெளிச்சத்தில் நோட்டைத் திறந்து எழுதினேன்:
சிலிக்கான் டியூப் ஒன்று,
நூற்றி எண்பது.