கட்டண வகை: பள்ளி

மீட்டர் பெட்டி தரையிலிருந்து ஒரு முழம்தான்.
யார் வைத்தார்களோ.
இரண்டு மாதத்துக்கு ஒருமுறை
தண்டையார்பேட்டையின் அந்தச் சந்தில்
செருப்பைக் கழற்றி, முட்டி போட்டு,
கன்னம் சுவரில் உரச
எண்ணைப் படிக்கிறேன்.

எனக்கு முன் இருந்த ஆள்
பதிவேட்டில் 'பள்ளி' என்று எழுதிப் போயிருந்தார்.
கட்டத்தில் இடமில்லை,
வாசலை விட்டுவிட்டார்.
கணினி அதைப் பள்ளிக்கூடம் என்று எடுத்துக்கொண்டது.
தலைமை ஆசிரியர் அவர்களுக்கு, என்று
அலுவலகத்திலிருந்து கடிதம் போனது:
மாணவர் எண்ணிக்கை எவ்வளவு?
ஆய்வுக்கூடம் உண்டா?

கமிட்டிச் செயலாளர் அகமது நெய்னா
அதை மடித்து மடித்துத் தீப்பெட்டி அளவாக்கி
சட்டைப் பையில் வைத்திருந்தார்.
"வருகைப் பதிவு கேட்டா குடுத்துடலாம்மா.
ஒரு நாளைக்கு அஞ்சு பீரியடு.
வெள்ளிக்கிழமை மட்டும் வகுப்பு தெருவரைக்கும்."
சிரிக்காமல்தான் சொன்னார்.

திருத்த மனு எழுத உட்கார்ந்தோம்.
எந்தப் பெயர்?
பத்திரத்தில் மசூதி.
பச்சைப் பலகையில் மஸ்ஜித்.
தண்ணீர் லாரிக்காரன் நோட்டில் பாய் கோயில்.
ஷேர் ஆட்டோவில் "பள்ளாசல்லாம் எறங்கு."

"மஸ்ஜிதுன்னா நெத்தி தரையில படுற எடம்.
அரபியில அவ்வளவுதான்.
செவுரு, மினாரா, ஒங்க மீட்டர் பொட்டி
எதுவும் அந்த வார்த்தைக்குள்ள கெடையாது.
பள்ளின்னா என்னம்மா?"

படுக்கிற இடம்தான் என்றேன்,
கல்லூரியில் தமிழ் எடுத்த பாவத்துக்கு.
குன்றில் சமணத் துறவிகளுக்குச் செதுக்கிய
கல் படுக்கைகள் இருந்த இடத்துக்கு அந்தப் பெயர்.
அரசன் துயிலும் அறைக்கு.
பெருமாள் பாம்பின்மேல் கொண்டதும் அதைத்தான்.
துறவிகள் எழுந்து உட்கார்ந்து பாடம் சொல்ல,
பிள்ளைகள் வந்து கூட,
கூடமும் ஆயிற்று போலிருக்கிறது.
பிறகு கடல்வழி வந்தவர்கள் தொழ ஓரிடம் கட்டியபோது
கரையில் யாரோ
புதுச்சொல் தேட அலுத்துக்கொண்டு
கையில் இருந்ததையே கொடுத்திருக்கிறார்கள்.

"சும்மா குடுக்கல, கூட ஒரு வாசலும் வெச்சுல்ல குடுத்துருக்காங்க"
என்றார் நெய்னா.

வாசலில் நின்றபடி உள்ளே பார்த்தேன்.
மணி இரண்டரை. லுஹர் முடிந்து
சுருட்டாத பாய்களில் ஏழெட்டுப் பேர் கிடந்தார்கள்.
துறைமுகத்தில் வரிசை நகராத
கண்டெய்னர் ஓட்டுநர்கள் இருவர்.
காசிமேட்டில் விடியுமுன் ஐஸ் உடைத்த ஒருவன்,
விரல்நுனி இன்னும் வெளுத்திருந்தது.
மற்றவர்களைத் தெரியவில்லை.
ஒருவரை ஒருவர் பெயர் கேட்டிருக்கவும் மாட்டார்கள்.
தலைக்கு மேல் ஆறு மின்விசிறிகள்.
நான் எழுதிப்போகும் யூனிட்டில் பாதி
இவர்களுடைய தூக்கம்.

"விடியக்காலை பாங்குல மட்டும்
ஒரு வரி கூட வரும்" என்றார் நெய்னா.
"தூக்கத்தவிடத் தொழுகை மேலானதுன்னு."
சொல்லிவிட்டு
படுத்திருந்தவர்களைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.
பிறகு ரெகுலேட்டரில்
ஒரு புள்ளி கூட்டிவைத்தார்.

மனுவில் பள்ளிவாசல் என்று முழுதாக எழுதினேன்.
கட்டம் தாண்டி ஓரத்தில் ஏறியது 'ல்'.

கடைசி எண் ஒன்றா ஏழா என்று சந்தேகம்.
மறுபடி குனிந்தேன்.
இந்த முறை நெற்றி தரையைத் தொட்டுவிட்டது.
நல்ல குளிர்ச்சி.
ஏழுதான்.