எட்டு வெள்ளிக் கத்தரிக்காய்

சம்பளம் போடும் நாளில்
சிலிம் ரிவரில் மழை பெய்தே தீரும்.
எனக்கென்ன, மோட்டாரை எடுத்துவிடுவேன்.
செம்பனை ஆலை வாசலில்
பகலெல்லாம் லாரிகளை நிறுத்தி, நிறுத்து,
சீட்டுக் கிழித்துக் கொடுக்கிறவள் நான்.
ஆறு மணிக்கு மேல்
என் நாக்கு வேலைக்குப் போகும்.

அதுவும் ஒரு நிறுவைதான்.
மீராசா கடை ரொட்டி சானாய்
போன மாதத்தைவிட ஒரு சுற்று இளைத்திருக்கிறது
என்று எனக்குத் தெரிகிற அன்று
எனக்குத் தெரியும் என்று அவருக்கும் தெரியும்.
தே தாரிக்கில் நுரையை ஒரு விரல் கூட்டி
முன்னால் வைத்துவிட்டு
மின்விசிறியைப் பார்ப்பார்.

ரயில் நிலையத்துப் பக்கம் வாழையிலைச் சாப்பாடு.
மூன்று காய், ஓர் அப்பளம்.
கேட்டால் இரண்டாவது அப்பளம்,
கேட்காமலே அதற்கு ஐம்பது சென்.
கீரையை மட்டும் தொடமாட்டேன்.
வெந்து வெந்து
தன் பெயரையே மறந்துபோன கீரை.

அந்தக் கோபத்தில்தான் தொடங்கியது.

தாமான் வீட்டுக்குப் பின்னால் ஆறடி சிமெண்டுத் தரை.
ஆலையில் தூக்கிப்போட்ட பெயின்ட் டின் பதினொன்று,
அடியில் ஆணியால் ஓட்டை,
மக்கிய குலைச்சக்கை,
அரிசி களைந்த தண்ணீர், மீன் கழுவிய தண்ணீர்.
பக்கத்து வீட்டுத் தமயந்தியின் மூக்கு
சுவரேறி வந்து விசாரித்துவிட்டுப் போகும்.

முதலில் கீரை போட்டேன். நத்தை தின்றது.
மறுபடியும் கீரை. மறுபடியும் நத்தை.
ராத்திரி பத்து மணிக்கு
ஒரு கையில் டார்ச்சு, ஒரு கையில் உப்பு.
முற்றியதை விட்டு, தண்டை விட்டு,
உச்சியில் நேற்று விரிந்த இரண்டு இலையை மட்டும்
அவசரமில்லாமல் தின்றுகொண்டிருந்தது.
எதைத் தின்ன வேண்டும் என்று தெரிந்த ஜென்மம்.
உப்பை மடித்து வைத்தேன்.
சாக்கடைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டேன்.
மறுநாள் வந்தது அதுவா, அதன் தங்கையா,
யார் கண்டது.

வெண்டை நான்கு காய்த்தது,
நான்கு வெவ்வேறு கிழமையில்.
ஒற்றை வெண்டைக்காய் மிதக்கிற சாம்பார்
நீங்கள் சாப்பிட்டதுண்டா?
பாகல் கொடி சுவர் தாண்டிப் போய்
தமயந்தி வீட்டில் காய்த்தது.

கத்தரிதான் என்னை மதித்தது.
ஏழு காய்.
ஒன்றைக் குரங்கு கடித்துப் பார்த்துவிட்டு
கூரையில் வைத்துவிட்டுப் போனது.
அதன் தீர்ப்பு எனக்கு வேண்டாம்.

மிச்சம் ஆறையும் நாளிதழில் சுற்றி
ஆ கியோங் கடைக்கு எடுத்துப் போனேன்.
என் அடுப்புக்கு அந்த ஆங்காரம் கிடையாது.
பதினெட்டு வருஷமாய் அங்கே சாப்பிடுகிறேன்,
சட்டியைவிட்டு அவன் தலை நிமிர்ந்ததில்லை.
அன்று ஒரு காயை எடுத்தான்,
காம்போரம் கிள்ளினான், முகர்ந்தான்,
குறுக்கே அரிந்து விதையைப் பார்த்தான்,
பிறகு என்னைப் பார்த்தான்.
“சியாப்பா தானாம்?”
நட்டது நான்தான் என்றேன்.
தீ உறுமியது.

முதல் வாயில்
என் பின்கட்டும் பெயின்ட் டின்னும் தெரிந்தன
என்று எழுத ஆசைதான்.
தெரியவில்லை.
தெரிந்தது பூண்டு, காய்ந்த இறால், புகை.
வெகுநேரம் கழித்து, தொண்டைக்குப் பக்கத்தில்,
கத்தரிக்காய்.
கண்ணை மூடிக்கொண்டேன்.

கணக்கு வந்தது.
சோறு ஒன்று, தேநீர் ஒன்று,
கத்தரிக்காய் எட்டு வெள்ளி.
“காய் என்னுதுப்பா!”
திரும்பாமலே சொன்னான் ஆ கியோங்:
“காய் உன்னுது. தீ என்னுது.”
மனசுக்குள் நிறுத்துப் பார்த்தேன்.
எடை சரியாகத்தான் இருந்தது.

ஆனால் தட்டில் வந்தது இரண்டு காய்தானே?
நான்கு எங்கே?
அடுத்த மேசையில்
தோட்டத்து மேனேஜர் குடும்பம் தின்றுகொண்டிருந்தது.
அந்தச் சின்னப் பையன்
ஊதா நிறத் துண்டொன்றை
தட்டோரம் ஒதுக்கி வைத்திருந்தான்.

மழை விட்டிருந்தது.
இன்னொரு தேநீர் சொன்னேன்.
அவன் அதை வாயில் போடுகிறவரை
நான் எழுவதாக இல்லை.