சேத மதிப்பீடு

பத்தொன்பது வருடம்
அடுத்தவர் வீட்டில் உடைந்ததை எண்ணிக்கொண்டிருந்தேன்.
ஓர்ஹூஸ் நகரத்துக் காப்பீட்டு நிறுவனம், நான்காவது மாடி,
ஜன்னலுக்கு வெளியே இன்னொரு ஜன்னல்.
வெடித்த குழாய், கருகிய சமையலறை,
நாய் தட்டிவிட்ட பூச்சாடி.
'வழக்கமான தேய்மானம்' என்று எழுதினால் போதும்,
ஒரு குடும்பத்தின் வாய் கோப்போடு மூடிக்கொள்ளும்.
என் கையெழுத்து அழகு என்பார்கள்.

ராஜினாமா மூன்று வரி.
உடம்புக்கு ஏதாவதா, போதில்?
மேலாளர் கேட்டார்.
மண், என்றேன்.
அவர் காதில் அது நோயின் பெயராக விழுந்திருக்க வேண்டும்.
நல்ல மருத்துவராகப் பாருங்கள் என்றார்.

போர்ன்ஹோல்ம் தீவில்
மீன் புகைபோட்ட கொட்டகை ஒன்று
வாடகைக்குக் கிடைத்தது.
முதல் ஆறு மாதம் என் கோப்பைகளில்
ஹெர்ரிங் வாசம் வந்ததாக ப்ரெபென் சொல்கிறான்.
அவன் வேலை இன்னும் ஓர்ஹூஸில்தான்.
வெள்ளிக்கிழமைப் படகில் வருவான்,
கணக்குப் புத்தகத்தைப் புரட்டுவான்,
ஒன்றும் சொல்லாமல் பாத்திரம் கழுவுவான்.
ரொம்ப நேரம் கழுவுவான்.

ஐம்பத்தொரு வயது மணிக்கட்டுக்குச்
சக்கரம் சலுகை தருவதில்லை.
நடுவம் பிடிக்கவே நாற்பது நாள்.
நான் தள்ளினால் மண்ணும் தள்ளியது.
களைத்துப்போய்
கையைச் சும்மா வைத்திருந்த ஒரு மதியம்
அது தானாக நின்று சுழன்றது,
இதற்குத்தானே காத்திருந்தேன் என்பதுபோல.

முதல் சூளை திறந்தபோது
நாற்பதில் முப்பத்துநான்கு விரிசல்.
பழக்கதோஷம், குறிப்பேட்டை எடுத்தேன்.
சேதத்தின் தன்மை: அடிப்புறப் பிளவு.
காரணம்: அடி ஈரமாய் இருக்க விளிம்பு முந்திக் காய்ந்தது,
அதாவது அவசரம்.
பொறுப்பு: கோரிக்கையாளரே.
இழப்பீடு:

அந்தக் கட்டத்தில் பேனா நின்றுவிட்டது.
மிஞ்சிய ஆறில் ஒன்றில் காப்பி ஊற்றிக் குடித்தேன்.
கசியவில்லை.

போன வாரம்
நெக்ஸோ துறைமுகத்தில் எஞ்சின் பழுதுபார்க்கும் தோர்கில் வந்தார்.
கோட்டின் ஒரு பையில் கைப்பிடி,
மறு பையில் கோப்பை.
மடியில் கொட்டிவிட்டது என்றார்.
கறையையும் காட்டினார், தேதி சொன்னார்,
மனைவி சாட்சி என்றார்.
வழக்கமான, என்று
நாக்கு அதுபாட்டுக்குத் தொடங்கிவிட்டது.

கைப்பிடியைத் திருப்பிப் பார்த்தேன்.
ஒட்டுமிடத்தில் கீறல் போடாமல்
வெறுமனே அழுத்தியிருந்த என் கட்டைவிரல்,
சுட்டு இறுகிய ரேகையோடு.
பத்தொன்பது வருடத்தில்
இத்தனை தெளிவான ஒப்புதல் வாக்குமூலம்
என் மேசைக்கு வந்ததில்லை.

அலமாரியில் எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள்.

தோர்கில் அவசரப்படவில்லை.
ஒவ்வொன்றின் கைப்பிடியையும் பிடித்து
ஆட்டிப் பார்த்தார், இழுத்துப் பார்த்தார்,
காதருகே வைத்துச் சுண்டிப் பார்த்தார்.
முன்னாள் மதிப்பீட்டாளர் நான்
கைகட்டி நின்றேன்.
அரைமணி கழித்து
கைப்பிடியே இல்லாத ஒரு கிண்ணத்தை
இரண்டு உள்ளங்கையிலும் ஏந்தி எடுத்துக்கொண்டு
காற்றுக்குள் இறங்கிப் போனார்.